ஒன்றரை மடங்கு எந்த மணியில் தொடங்குகிறது?

சிங்கப்பூரில் மணிக்கணக்குச் சம்பளத்துக்குப் பகுதிநேர வேலை பார்க்கும் வாசகர்களின் கேள்விகளுக்கு இந்த இதழில் பதில். தீபாவளி நெருங்க நெருங்கக் கடைகளிலும் உணவகங்களிலும் வேலை நேரம் நீளும். அதனால் கூடுதல் நேரச் சம்பளம் பற்றி வந்த கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

உணவகத்தில் பகுதிநேரமாக வேலை செய்கிறேன். ஒப்பந்தப்படி நாளுக்கு 5 மணி நேரம், வாரத்துக்கு 5 நாள், மணிக்கு 12 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). சனிக்கிழமை ஆள் பற்றவில்லை என்று 10 மணி நேரம் நிறுத்திக்கொள்கிறார்கள். கூடுதலான 5 மணிக்கும் அதே 12 வெள்ளிதான் போடுகிறார்கள். ஓவர்டைம் என்றால் ஒன்றரை மடங்கு இல்லையா? கேட்டால், ‘பார்ட்டைமுக்கு ஓவர்டைம் கிடையாது’ என்கிறார் மேனேஜர்.
(ஈசூன் வாசகி)

மேனேஜர் சொல்வது தவறு. அதற்காக 5 மணிக்கும் ஒன்றரை மடங்கு கிடைத்துவிடாது. இந்த இடத்தில்தான் பலரும் குழம்புகிறார்கள், அதனால் நிதானமாகவே பார்ப்போம்.

வாரத்துக்கு 35 மணி நேரத்துக்குக் குறைவாக வேலை செய்ய ஒப்பந்தம் உள்ளவர் பகுதிநேர ஊழியர். அவருக்கென்று 1996-இல் வந்த தனி விதிமுறைகள், வேலை நியமனச் சட்டத்தின் கீழ் இருக்கின்றன. அவற்றின்படி உங்கள் நாளை மூன்று துண்டாகப் பிரிக்க வேண்டும். முதல் துண்டு, உங்கள் ஒப்பந்த நேரம். இரண்டாவது, உங்கள் நேரம் முடிந்தபின் அதே வேலையைச் செய்யும் முழுநேர ஊழியரின் வழக்கமான நேரம் முடியும் வரை உள்ளது. மூன்றாவது, முழுநேர ஊழியரின் நேரத்தையும் தாண்டியது. முதல் இரண்டு துண்டுக்கும் அடிப்படை மணிச் சம்பளம். ஒன்றரை மடங்கு மூன்றாவது துண்டுக்கு மட்டும்.

உங்கள் உணவகத்தில் முழுநேரத்தார் நாளுக்கு 8 மணி நேரம் வேலை செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அப்போது சனிக்கிழமைக் கணக்கு இது:

முதல் 5 மணி × 12 = 60 வெள்ளி
6, 7, 8-ஆவது மணி: 3 × 12 = 36 வெள்ளி
9, 10-ஆவது மணி: 2 × 18 = 36 வெள்ளி
மொத்தம் 132 வெள்ளி.

இப்போது கொடுப்பது 120. ஒரு சனிக்கிழமைக்கு 12 வெள்ளி குறைகிறது. ஆண்டு முழுவதும் இப்படியே போனால் 624 வெள்ளி.

6-ஆவது மணியிலிருந்தே ஏன் ஒன்றரை மடங்கு இல்லை என்று கேட்கலாம். உங்கள் பக்கத்தில் நிற்கும் முழுநேர ஊழியருக்கு அந்த 6-ஆவது மணி சாதாரண மணி. ஒரே வேலைக்கு ஒரே மணியில் இருவருக்கும் ஒரே அளவுகோல் என்பதுதான் இந்த விதியின் அடிப்படை. அதே அளவுகோல் 9-ஆவது மணியில் உங்கள் பக்கம் பேசுகிறது. முழுநேரத்தாருக்கு அந்த மணியில் ஒன்றரை மடங்கு என்றால் உங்களுக்கும் ஒன்றரை மடங்குதான்.

ஆகவே நீங்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, உங்கள் உணவகத்தில் முழுநேரத்தாரின் வழக்கமான நேரம் எவ்வளவு என்பது. சட்டத்தின் பொது எல்லை நாளுக்கு 8 மணி அல்லது வாரத்துக்கு 44 மணி. வாரத்துக்கு 5 நாளோ அதற்குக் குறைவாகவோ வேலை உள்ள இடத்தில் நாளுக்கு 9 மணி வரை வைத்துக்கொள்ளலாம், ஆனால் வாரத்தின் 44 மாறாது. முழுநேரத்தார் 5 நாளில் 44 மணியை முடிப்பவர்கள் என்றால் அவர்களுடைய நாள் 8.8 மணி. உங்கள் சனிக்கிழமையில் 1.2 மணிக்கு மட்டுமே ஒன்றரை மடங்கு வரும், மொத்தம் 127 வெள்ளி 20 காசு. ஷிஃப்ட் முறைக்கு இன்னொரு ஏற்பாடு உண்டு. ஊழியர் எழுத்தில் சம்மதித்தால், தொடர்ந்த மூன்று வாரச் சராசரி 44 மணியைத் தாண்டாதபடி நாளுக்கு 12 மணி வரை வேலை வைக்கலாம். உங்கள் இடத்தில் முழுநேரத்தாருக்கு அந்த ஏற்பாடு இருந்தால் மேலே போட்ட நாள் கணக்கு பொருந்தாது. முழுநேர ஊழியர் ஒருவரின் ரோஸ்டரை, அதாவது வேலை நேர அட்டவணையை, பார்த்தாலே எது என்று தெரிந்துவிடும். உங்கள் வேலையைச் செய்யும் முழுநேர ஊழியர் அங்கே ஒருவருமே இல்லை என்றால் 8-ஐயும் 44-ஐயும் கையில் பிடித்துக்கொண்டு பேசுங்கள்.

மேனேஜர் அடுத்து என்ன சொல்வார் என்பதையும் எதிர்பார்த்திருங்கள். ‘இந்த வாரம் மொத்தமே 30 மணிதானே, 44-ஐத் தாண்டவில்லையே?’ இது அடிக்கடி காதில் விழும் வாதம். சட்டத்தில் இருப்பது நாளுக்கு 8 ‘அல்லது’ வாரத்துக்கு 44. நாளின் எல்லையைத் தாண்டிய நேரம், வாரக் கணக்கு எவ்வளவு சிறியதாக இருந்தாலும் தாண்டிய நேரம்தான்.

சம்பள வரம்பு ஒன்றும் உண்டு. உடலுழைப்பு வேலை செய்பவர்களுக்கு மாத அடிப்படைச் சம்பளம் 4,500 வெள்ளி வரை, மற்றவர்களுக்கு 2,600 வெள்ளி வரை இருந்தால் ஓவர்டைம் விதி பொருந்தும். துப்புரவாளர், கட்டுமானத் தொழிலாளர், இயந்திரம் இயக்குபவர், லாரி, வேன் ஓட்டுநர் எல்லாம் முதல் வகை. மணிக்கு 12 வெள்ளி வாங்கும் பகுதிநேர ஊழியர் இரண்டு வரம்புக்குள்ளும் வந்துவிடுவார். வீட்டுப் பணிப்பெண்கள், கடலோடிகள், அரசாங்க ஊழியர்கள், ஆணைபெற்ற கழக ஊழியர்கள் ஆகியோர் இந்தச் சட்டத்தில் வரமாட்டார்கள்.

மினிமார்ட்டில் கேஷியர். மாலை 4 முதல் இரவு 10 வரை, வாரம் 5 நாள். 10 மணிக்கு பங்ச் செய்துவிடச் சொல்கிறார்கள். அதற்குப் பிறகு கல்லாப் பணத்தை எண்ணி, ஷட்டர் இறக்கிவிட்டுக் கிளம்ப 15 நிமிடம் ஆகிறது. ‘அரை மணிக்குக் குறைந்தால் கணக்கில்லை’ என்கிறார் சூப்பர்வைசர்.
(ஜூரோங் வெஸ்ட் வாசகி)

கணக்கு உண்டு. வேலை நேரம் என்பதற்குச் சட்டம் தரும் பொருள், ஊழியர் முதலாளியின் கைவசத்தில் இருந்து, தன் விருப்பம்போல் நகரவோ நேரத்தைச் செலவிடவோ முடியாத நேரம். ஓய்வு இடைவேளையும் சாப்பாட்டு இடைவேளையும் மட்டும் அதில் சேராது. கல்லாப் பணம் எண்ணி முடியும் வரை நீங்கள் வீட்டுக்குப் போக முடியாது. அப்படியென்றால் அது வேலை நேரம். அரை மணிக்குக் கீழே உள்ளதைத் தள்ளிவிட முதலாளிக்குச் சட்டம் அனுமதி தரவில்லை. 15 நிமிடம் என்றால் மணிச் சம்பளத்தில் கால் பங்கு.

சின்னத் தொகைதானே என்று விடாதீர்கள். நாளுக்கு 15 நிமிடம், வாரம் 5 நாள், 52 வாரம். மொத்தம் 65 மணி. மணிக்கு 12 வெள்ளி என்றால் ஆண்டுக்கு 780 வெள்ளி. உங்கள் நாள் ஆறேகால் மணியில் முடிந்துவிடுவதால் இதற்கு ஒன்றரை மடங்கு வராது, அடிப்படைச் சம்பளம்தான். கேட்கும்போது இதைச் சரியாகக் கேளுங்கள். கூட்டிக் கேட்டால், அதையே காரணமாகக் காட்டி முழுவதையும் மறுப்பார்கள்.

இடைவேளையில் இதற்கு நேர் எதிரான தவறு நடக்கும். சம்பள மென்பொருள் தானாகவே ஒரு மணி நேரத்தை இடைவேளை என்று கழித்துவிடும். உண்மையில் நீங்கள் சாப்பிட்டது 20 நிமிடம், மீதி 40 நிமிடம் கவுண்டரில் நின்றிருப்பீர்கள். அந்த 40 நிமிடம் வேலை நேரம். இன்னொன்று: தொடர்ந்து 6 மணி நேரத்துக்கு மேல் இடைவேளை இல்லாமல் வேலை வாங்கக் கூடாது. நிறுத்த முடியாத வேலை என்றால் 8 மணி வரை போகலாம், ஆனால் அதற்குள் 45 நிமிடச் சாப்பாட்டு இடைவேளை கொடுத்தாக வேண்டும்.

மணிக்கு 13 வெள்ளி 50 காசு. லீவு, பொது விடுமுறை, ஓவர்டைம் எல்லாம் அடக்கம் என்று எழுதிக் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். கையெழுத்துப் போட்ட பிறகு கேட்க முடியுமா?
(தெம்பனிஸ் வாசகர்)

முடியும். வேலை நியமனச் சட்டம் தருவதைவிடக் குறைவாகத் தரும் நிபந்தனை செல்லாது, அதன் கீழே யார் கையெழுத்து இருந்தாலும்.

ஆனால் ‘அடக்கம்’ என்பதில் பாதி சட்டப்படி சரிதான். பகுதிநேர ஊழியரின் ஆண்டு விடுப்பையும் பொது விடுமுறையையும், இரு தரப்பும் ஒத்துக்கொண்டால் பணமாக மாற்றி மணிச் சம்பளத்தோடு சேர்க்கலாம். அப்படிச் சேர்த்தால் அடிப்படை மணிச் சம்பளம் எவ்வளவு, படிகளெல்லாம் சேர்ந்த மொத்த மணிச் சம்பளம் எவ்வளவு என்று ஒப்பந்தத்தில் தனித்தனியாக இருக்க வேண்டும். நாளுக்கு அல்லது வாரத்துக்கு எத்தனை மணி வேலை, வாரத்துக்கு அல்லது மாதத்துக்கு எத்தனை நாள் என்பதும் இருக்க வேண்டும். இந்த நான்கு எண்ணும் இல்லாத ஒப்பந்தம் குறையுள்ளது. முதல் வேலையாக அவற்றை எழுதித் தரச் சொல்லுங்கள்.

லீவும் விடுமுறையும் எவ்வளவு பெறும் என்று நீங்களே போட்டுப் பார்க்கலாம். உங்கள் ஆண்டு வேலை நேரத்தை முழுநேரத்தாரின் ஆண்டு வேலை நேரத்தால் வகுத்து, முழுநேரத்தாருக்கு உள்ள நாள்களாலும் அவர்களின் ஒரு நாள் மணியாலும் பெருக்க வேண்டும். வாரம் 25 மணி வேலை செய்பவருக்கு ஆண்டுக்கு 1,300 மணி, 44 மணி செய்பவருக்கு 2,288. பொது விடுமுறை 11 நாள், நாளுக்கு 8 மணி என்றால் உங்கள் பங்கு 50 மணி. முதல் ஆண்டு விடுப்பு 7 நாள் என்றால் ஏறக்குறைய 32 மணி. விடுப்பு, வேலையில் சேர்ந்து 3 மாதம் ஆன பிறகு. இரண்டும் சேர்ந்து 82 மணி. 1,300 மணியில் பரப்பினால், 12 வெள்ளி அடிப்படைச் சம்பளத்துக்கு மணிக்கு ஏறக்குறைய 76 காசு கூடும்.

ஓவர்டைமை இப்படி முன்கூட்டியே உள்ளே போட்டுவிட முடியாது. எத்தனை மணி கூடுதலாக வேலை செய்வீர்கள் என்று யாருக்கும் முன்பே தெரியாதே. முழுநேரத்தாரின் எல்லையைத் தாண்டிய ஒவ்வொரு மணிக்கும் அடிப்படைச் சம்பளத்தின் ஒன்றரை மடங்கு தனியாக வர வேண்டும். பெருக்குவது 13.50-ஐ அல்ல, அதற்குள் இருக்கும் அடிப்படை எண்ணை. அதனால்தான் அந்த எண் எழுத்தில் இருப்பது இவ்வளவு முக்கியம்.

பார்ட்டைம் என்றுதான் சேர்த்தார்கள், ஒப்பந்தத்தில் 30 மணி. ஆறு மாதமாக ரோஸ்டரில் வாரம் 40 மணி வருகிறது. இப்போது ‘நீ ஃப்ரீலான்ஸ், அதனால் எதுவும் கிடையாது’ என்று சொல்ல ஆரம்பித்திருக்கிறார்கள்.
(உட்லண்ட்ஸ் வாசகர்)

இரண்டு பிரச்சினையைச் சேர்த்துக் குழப்பியிருக்கிறார்கள். ஒப்பந்தத்தில் 35 மணி அல்லது அதற்கு மேல் இருந்தால் நீங்கள் பகுதிநேர ஊழியரே இல்லை. விடுப்பும் மருத்துவ விடுப்பும் குறைக்காமல் முழுதாகக் கிடைக்க வேண்டும். உங்கள் தாளில் 30 இருக்கிறது, ரோஸ்டரில் 40 இருக்கிறது. ஒரு வாரம் இரண்டு வாரம் ஆள் இல்லாமல் நீட்டியது வேறு, ஆறு மாதம் தொடர்ந்து 40 மணிக்கு ரோஸ்டர் போட்டது வேறு. உண்மையான ஏற்பாடு எது என்று காட்டுவது அந்த ரோஸ்டர்கள்தான். ஆறு மாத ரோஸ்டரையும் படமெடுத்து வையுங்கள். அவற்றோடு, ஒப்பந்தத்தைத் திருத்தித் தரும்படி எழுத்தில் கேளுங்கள்.

ஃப்ரீலான்ஸ் என்பதைப் பெயரை வைத்து முடிவு செய்வதில்லை. உங்கள் நேரத்தை யார் முடிவு செய்கிறார்கள், எப்படி வேலை செய்வது என்று யார் சொல்கிறார்கள், கருவிகள் யாருடையவை, லாப நஷ்டம் யாருக்கு என்று பார்ப்பார்கள். சீருடை தந்து, ரோஸ்டர் போட்டு, தாமதமாக வந்தால் கண்டித்து, மணிக்கணக்கில் சம்பளம் தருபவர் உங்கள் முதலாளி. நீங்கள் அவருடைய ஊழியர்.

காலையில் துப்புரவு வேலை 5 மணி நேரம், மாலையில் வேறு ஒரு கடையில் 5 மணி நேரம். நாளுக்கு 10 மணி ஆகிறதே, 2 மணிக்கு ஓவர்டைம் யாரிடம் கேட்பது?
(அங் மோ கியோ வாசகி)

யாரிடமும் கேட்க முடியாது. ஒவ்வொரு முதலாளியிடமும் செய்த நேரம் தனித்தனிக் கணக்கு. இரண்டு கடையும் ஒரே நிறுவனத்தின் கிளைகள் என்றால் மட்டும் கதை வேறு. அப்போது முதலாளி ஒருவரே, இரண்டு இடத்து நேரத்தையும் சேர்த்துக் கேளுங்கள்.

மாணவர் அனுமதியில் படிக்கிறேன். வாரம் 16 மணிதான் வேலை செய்யலாம் என்கிறார்கள். கூடுதல் நேரம் கொடுத்தால் செய்யலாமா?
(கிளமெண்டி வாசகர்)

கூடாது. வெளிநாட்டு மாணவர் வேலை செய்யலாம் என்பதே அங்கீகரிக்கப்பட்ட கல்வி நிலையங்களில் முழுநேரமாகப் படிப்பவர்களுக்கு உள்ள விலக்கு. படிப்புக் காலத்தில் வாரத்துக்கு 16 மணி என்பது கூடுதல் நேரத்தையும் சேர்த்த எல்லை. கல்லூரியின் அதிகாரபூர்வ விடுமுறையில் அந்த எல்லை இல்லை. எல்லையை மீறினால் சிக்கல் முதலாளிக்கு மட்டுமல்ல, உங்கள் அனுமதிக்கும்தான். வேலை அனுமதிச் சீட்டில் இருப்பவர் வேறு முதலாளியிடம் பகுதிநேர வேலை செய்யவே கூடாது. துணைவர் அனுமதியில் வந்திருப்பவருக்கும் தனியாக வேலை அனுமதி வேண்டும்.

ஆனால் எல்லைக்குள் செய்த 16 மணிக்கு மற்ற எந்த ஊழியருக்கும் உள்ள சம்பள உரிமை உங்களுக்கும் உண்டு. ‘நீ ஸ்டூடன்ட்தானே’ என்று குறைத்துக் கொடுக்க முடியாது.

கூடுதல் நேரம் நிற்க முடியாது என்று சொல்லலாமா? வீட்டில் சின்னக் குழந்தை. நின்றால் பணத்துக்குப் பதிலாக இன்னொரு நாள் சீக்கிரம் அனுப்புகிறோம் என்கிறார்கள்.
(புக்கிட் பாத்தோக் வாசகி)

சொல்லலாம். நாளின் எல்லைக்கும் வாரத்தின் எல்லைக்கும் மேல் வேலை செய்யும்படி முதலாளி கட்டாயப்படுத்தக்கூடிய சூழ்நிலைகளைச் சட்டம் எண்ணிச் சொல்லியிருக்கிறது. விபத்து நடந்தது அல்லது நடக்கப் போவது, மக்கள் வாழ்வுக்கு இன்றியமையாத பணி, நாட்டின் பாதுகாப்பு, இயந்திரத்துக்கு அவசரப் பழுதுபார்ப்பு, எதிர்பார்க்க முடியாத வகையில் வேலை தடைபடுவது போன்றவை. சனிக்கிழமைக் கூட்டம் இதில் எதுவும் இல்லை. உங்கள் ஒப்பந்த நேரத்துக்கும் முழுநேரத்தாரின் நேரத்துக்கும் இடையிலுள்ள மணிகள், ஒப்பந்தத்தில் இல்லாத வேலை. அதற்கும் உங்கள் சம்மதம் வேண்டும்.

நீங்களாகவே விரும்பிச் செய்தாலும் ஒரு நாளில் மொத்தம் 12 மணிக்கு மேல் கூடாது, மாதத்தில் ஓவர்டைம் 72 மணிக்கு மேல் கூடாது.

ஓவர்டைமுக்குச் சட்டம் சொல்வது பணம். 2 மணி கூடுதலாக நின்றதற்கு இன்னொரு நாள் 2 மணி முன்னதாக அனுப்புவது உங்களுக்கு நஷ்டம் என்பதையும் கவனியுங்கள். மணிக்கு 12 வெள்ளி என்றால் அந்த 2 மணிக்கு வர வேண்டியது 36 வெள்ளி. முன்னதாகப் போன நாளில் உங்களுக்கு மிச்சமாவது 24 வெள்ளிக்கான நேரம்தான். மணிக்கணக்குச் சம்பளத்தில், முன்னதாகப் போன நேரத்துக்குச் சம்பளமும் வெட்டினால் அந்த 24-ம் இல்லை.

வாரம் 6 நாள், நாளுக்கு 4 மணி. ஞாயிறு ஓய்வு நாள். சென்ற ஞாயிறு முதலாளி கூப்பிட்டு 4 மணி வேலை செய்தேன். எவ்வளவு வர வேண்டும்?
(பொங்கோல் வாசகர்)

வாரத்துக்கு 5 நாளாவது வேலை செய்ய ஒப்பந்தம் உள்ள பகுதிநேர ஊழியருக்கு வாரம் ஒரு ஓய்வு நாள் உண்டு. உங்களுக்குப் பொருந்தும். முதலாளி கேட்டு ஓய்வு நாளில் வேலை செய்தால், உங்கள் நாளின் பாதி நேரம் வரை ஒரு நாள் சம்பளம், பாதிக்கு மேல் இரண்டு நாள் சம்பளம். நீங்கள் 4 மணியும் செய்ததால் இரண்டு நாள், அதாவது 8 மணிக்கான சம்பளம். நீங்களாக வருகிறேன் என்று கேட்டுப் போயிருந்தால் இதில் பாதி. ‘வர முடியுமா?’ என்று யார் முதலில் கேட்டது என்பது வாட்ஸ்அப்பில் இருந்தால் அழிக்காதீர்கள்.

ஓவர்டைம் பணத்தை மட்டும் கவரில் போட்டுக் கையில் தருகிறார்கள். சம்பளச் சீட்டில் வருவதில்லை. இதில் எனக்கு என்ன நஷ்டம்?
(செங்காங் வாசகி)

சிங்கப்பூரர் அல்லது நிரந்தரவாசி என்றால் நேரடி நஷ்டம், ஓய்வுக்காலச் சேமிப்பான மத்திய சேமநிதியில் (மசேநி). ஓவர்டைம் பணத்துக்கும் மசேநி கட்ட வேண்டும். மாதச் சம்பளம் 50 வெள்ளியைத் தாண்டினால் முதலாளி பங்கு கட்ட வேண்டும். 500-ஐத் தாண்டினால் உங்கள் பங்கும் பிடிக்கப்படும். 55 வயது வரை உள்ள சிங்கப்பூரருக்கு, மாதம் 750 வெள்ளிக்கு மேல் சம்பளம் இருந்தால் முதலாளியின் பங்கு 17 விழுக்காடு. கவரில் வரும் ஒவ்வொரு 100 வெள்ளிக்கும் முதலாளி உங்கள் கணக்கில் போட வேண்டிய 17 வெள்ளி போகாமல் நிற்கிறது.

இரண்டாவது நஷ்டம் ஆதாரம். சம்பளச் சீட்டு தருவது 2016 ஏப்ரல் 1 முதல் கட்டாயம். ஓவர்டைம் செய்திருந்தால் எத்தனை மணி, எவ்வளவு பணம், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். சம்பளத்தோடு கொடுக்க வேண்டும், முடியாவிட்டால் 3 வேலை நாளுக்குள். அடிப்படைச் சம்பளம் வர வேண்டியது சம்பளக் காலம் முடிந்து 7 நாளுக்குள், ஓவர்டைம் 14 நாளுக்குள். அதனால் ஓவர்டைம் தனியாகப் பின்னால் வருவது தவறில்லை. சீட்டில் இல்லாமல் வருவதுதான் தவறு.

மூன்று மாதத்துக்கு முன் வேலையை விட்டுவிட்டேன். பழைய ஓவர்டைம் பாக்கியை இப்போது கேட்க முடியுமா? எங்கே, எப்படி?
(தோ பாயோ வாசகர்)

முடியும், ஆனால் நாள் ஓடிக்கொண்டிருக்கிறது. வேலையை விட்டவர் கடைசி வேலை நாளிலிருந்து 6 மாதத்துக்குள் புகார் தர வேண்டும். வேலையில் இருப்பவர், பணம் வர வேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள். உங்களுக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. முதலாளியிடம் பேசிப் பேசியே அந்த மூன்று மாதத்தையும் கரைத்துவிடாதீர்கள். ‘அடுத்த மாதம் பார்க்கலாம்’ என்ற பதிலால் உரிமையை இழப்பதுதான் எல்லாவற்றிலும் வருத்தமான இழப்பு.

முதலில் கணக்கு. ஒரு நோட்டில் நாளுக்கு ஒரு வரி போதும். ஒரு வரி இப்படி இருக்கட்டும்: ‘சனி. வந்தது 11.00. இடைவேளை 3.30 – 4.15. கிளம்பியது இரவு 9.45. வேலை 10 மணி. ஒப்பந்தம் 5. அடிப்படையில் 3, ஒன்றரையில் 2. வர வேண்டியது 132. வந்தது 120. பாக்கி 12.’ பாக்கியைக் கடைசியில் கூட்டுங்கள். வந்த நேரத்தையும் போன நேரத்தையும் எழுதாமல் ‘2 மணி ஓவர்டைம்’ என்று மட்டும் எழுதிய நோட்டு பலவீனமானது. இடைவேளையைக் கழித்தீர்களா என்று கேட்பார்கள், பதில் இருக்காது.

ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஏதாவது ஒரு ஆதாரம் தேடுங்கள். பங்ச் கார்டு படம், ரோஸ்டர் படம், ‘இன்னிக்கு க்ளோசிங் வரைக்கும் இருங்க’ என்று சூப்பர்வைசர் அனுப்பிய செய்தி, கடைசிப் பேருந்தின் கட்டணப் பதிவு, எதுவானாலும். இதில் சூப்பர்வைசரின் செய்திக்கு மதிப்பு அதிகம். ஓவர்டைம் என்பது முதலாளி கேட்டுச் செய்த வேலை. ‘அவராகவே நின்றார்’ என்ற பதிலை அந்தச் செய்தி ஒன்றே முறியடிக்கும். வேலையில் இருப்பவர்கள், வாயால் சொன்ன நாளில் நீங்களே ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள்: ‘நீங்க சொன்னபடி இன்னிக்கு 9.45 வரைக்கும் இருக்கேன்.’ அதுவும் பதிவுதான்.

முதலாளியிடம் உங்கள் வேலைப் பதிவுகள் இருக்க வேண்டும். வேலையில் உள்ளவரின் பதிவுகளை அண்மைய 2 ஆண்டுக்கு வைத்திருக்க வேண்டும். விட்டுப் போனவருடைய கடைசி 2 ஆண்டுப் பதிவை, அவர் போன பிறகு ஓராண்டு வரை வைத்திருக்க வேண்டும். ‘பழசெல்லாம் அழிச்சாச்சு’ என்று உங்களிடம் இப்போது சொல்ல முடியாது.

அடுத்து, கணக்கை இணைத்து மின்னஞ்சலிலோ வாட்ஸ்அப்பிலோ பாக்கியைக் கேளுங்கள். ஒரு வாரம் அல்லது பத்து நாள் தவணை கொடுங்கள். சில இடங்களில் இதோடு முடிந்துவிடும், ஏனென்றால் தவறு பெரும்பாலும் சம்பள மென்பொருளில் ‘பார்ட்டைம்’ என்று போட்ட ஒரு தேர்வில் இருக்கும்.

பதில் இல்லை என்றால், டாடெம் (TADM) என்று சுருக்கமாகச் சொல்லப்படும், வேலையிடச் சச்சரவுகளைக் கையாளும் முத்தரப்புக் கூட்டணியில், சிங்பாஸ் என்ற அரசாங்க மின்னடையாளக் கணக்கு வழியாக இணையத்தில் புகார் பதியலாம். இரு தரப்பையும் கூப்பிட்டுச் சமரசம் பேசுவார்கள். ஒத்துக்கொண்டால் எழுத்தில் உடன்பாடு ஆகும். அந்த உடன்பாட்டை மாவட்ட நீதிமன்றத்தில் பதிவு செய்துகொள்ளுங்கள், முதலாளி பிறகு பின்வாங்கினால் நீதிமன்ற உத்தரவுபோல் நிறைவேற்றலாம். சமரசம் முறிந்தால் பரிந்துரைச் சான்றிதழ் ஒன்று தருவார்கள். அதை வைத்து 4 வாரத்துக்குள் வேலை நியமன உரிமைகோரல் நடுவர் மன்றத்தில் வழக்குப் பதிய வேண்டும். இது இரண்டாவது கெடு. முதல் கெடுவைப் பிடித்துவிட்டு இதைத் தவறவிடுபவர்களும் உண்டு. சான்றிதழ் கைக்கு வந்த அன்றே நாட்காட்டியில் குறித்துவிடுங்கள்.

நடுவர் மன்றத்தில் இரு தரப்புக்கும் வழக்கறிஞர் கிடையாது. நீங்களே பேசலாம். 20,000 வெள்ளி வரை கோரலாம். தொழிற்சங்க உறுப்பினராக இருந்து சங்கத்தின் உதவியோடு சமரசத்துக்குப் போயிருந்தால் 30,000 வரை. நீதிபதி முன்னால் முதலில் வைக்க வேண்டியது மூன்று: தெம்பனிஸ் வாசகருக்குச் சொன்ன நான்கு எண்ணும் உள்ள ஒப்பந்தம் அல்லது அது தரப்படவில்லை என்று காட்டும் செய்தி, முழுநேர ஊழியரின் நேரத்தைக் காட்டும் ஒரு ரோஸ்டர், உங்கள் நோட்டு. நடுவில் உள்ளதைத்தான் அதிகம் பேர் கொண்டுபோக மறந்துவிடுகிறார்கள். அது இல்லாமல் ஒன்றரை மடங்கு எந்த மணியில் தொடங்குகிறது என்று காட்டுவது கடினம். பழைய சக ஊழியர் ஒருவரிடம் அந்தப் படத்தை இந்த வாரமே கேட்டு வாங்கிவிடுங்கள்.